குளம்பைத் தூக்கிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்

உழவு மாடும் வண்டி மாடும் இருந்த காலத்தில், தமிழ்நாட்டுச் சந்தைகளில் லாடம் அடிப்பவருக்கென்று ஓர் இடம் இருந்தது. காளையின் கால்களில் கயிறு போட்டுச் சாய்ப்பார். நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, கவைக்கம்பில் முட்டுக் கொடுப்பார். லாடத்தைத் தொடுவதற்கு முன்னால் உளியைத்தான் எடுப்பார். நீண்டு மடங்கிக் கிடக்கும் குளம்பின் நுனியைச் செதுக்கி, அடிப்பகுதியைச் சீவிச் சமமாக்கிய பிறகுதான் தகடு குளம்பில் உட்காரும். மாட்டின் குளம்பு பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு தகடுகள், மொத்தம் எட்டு. சீவும்போதே முள் ஏறியிருக்கிறதா, கல் குத்தியிருக்கிறதா, சீழ் கோத்திருக்கிறதா என்பது அவர் கண்ணில் பட்டுவிடும்.

டிராக்டரும் மினி வேனும் வந்தன, காளைகள் குறைந்தன, லாடம் அடிப்பவரும் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை.

இன்று கிராமத்து வீடுகளுக்கு வாரப் பணம் கொண்டுவருவது கறவை மாடு. 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பசுவும் காளையுமாகச் சுமார் 95 லட்சம் மாடுகள் உள்ளன. அவற்றில் பெரும்பகுதி ஜெர்சி அல்லது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன் ரத்தம் கலந்த கலப்பினம். அந்த மாட்டுக்குச் சினை ஊசி போட ஆள் உண்டு. தடுப்பூசி போட முகாம் உண்டு. பாலின் கொழுப்பை அளக்கச் சொசைட்டியில் கருவி உண்டு. காலைத் தூக்கிக் குளம்பைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பால் உற்பத்தியைப் பெருக்கப் போடும் திட்டங்களில் இந்த ஒரு வேலை மட்டும் தொடர்ந்து விடுபட்டுப்போகிறது. அதற்கான விலையை மாடு வலியாகவும், வளர்ப்பவர் பணமாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மடிநோய், சினைப் பிடிக்காமை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பால் பண்ணைகளை நஷ்டப்படுத்துவது நொண்டல்தான் என்பது கால்நடை மருத்துவ உலகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. பிரிட்டனில் 2002-ல் வெளியான ஓர் ஆய்வு, கால் நோய் கண்ட பசு ஓர் ஈத்தில் சராசரியாக 360 கிலோ பாலை இழக்கிறது என்று கண்டது. அந்த ஆய்வில் இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நொண்டலைக் கண்டுபிடித்து வைத்தியம் பார்ப்பதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே பால் குறையத் தொடங்கியிருந்தது. ‘பால் கொஞ்சம் இறங்கிடுச்சு, தீவனம் சரியில்லை போல’ என்று புண்ணாக்குக் கடைக்காரரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் நாட்களில், கோளாறு காலுக்கடியில் இருந்திருக்கலாம்.

2003-ல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில், 53 பண்ணைகளின் உரிமையாளர்களிடம் எத்தனை மாடுகள் நொண்டுகின்றன என்று கேட்டார்கள். நூற்றுக்கு 6-க்கும் குறைவு என்றார்கள். ஆய்வாளர்கள் நேரில் நடக்கவிட்டு எண்ணியபோது நூற்றுக்கு 22 மாடுகள் நொண்டின. நம் ஊரில் இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவருக்குத் தன் மாட்டைப் பற்றித் தெரியாதது எது என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கி, நாள் முழுக்கக் கட்டுத்தறியில் நிற்கும் மாடு நடப்பதைப் பார்க்க அவருக்கே வாய்ப்புக் குறைவு. நின்றபடியே கால் மாற்றி மாற்றி ஊன்றுகிறதா, நடக்கும்போது முதுகை வில்லாக வளைக்கிறதா, அடியெடுத்து வைக்கையில் தலையை ஆட்டுகிறதா, வழக்கத்தைவிட அதிக நேரம் படுத்தே கிடக்கிறதா என்பவை தொடக்க அறிகுறிகள். காலைத் தாங்கித் தாங்கி நடக்கும்போதுதான் பலரும் கவனிக்கிறார்கள். அது நோய் முற்றிய நிலை.

நஷ்டம் பாலோடு நிற்பதுமில்லை. கால் வலிக்கும் பசு பருவத்துக்கு வந்தாலும் மற்ற மாடுகளின் மேல் தாவாது. தன்மேல் தாவவும் விடாது. அறிகுறி தெரியாமல் ஒரு பருவம் தவறினால் அடுத்ததற்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை தவறினால் ‘சினை நிக்காத மாடு’ என்று பெயர் வந்துவிடும். பிறகு தரகர் சொல்வதுதான் விலை. நல்ல மடி, நல்ல வயது, இரண்டாம் ஈத்து மாடு குளம்புக்கடியில் இருந்த ஒரு சிறு புண்ணுக்காக அடிமாட்டு விலைக்குப் போவது நம் சந்தைகளில் அன்றாடம் நடக்கிறது.

மாடு நொண்டினால் என்ன செய்கிறோம்? சுளுக்கு என்று தொடையிலும் சப்பையிலும் எண்ணெய் தேய்க்கிறோம். இரண்டு நாள் பொறுத்து போன் செய்கிறோம். வருபவர் மருத்துவரோ, மருத்துவர் போல ஊசி மட்டும் போடத் தெரிந்தவரோ, வலிக்கு ஒன்றும் ஆன்டிபயாடிக் ஒன்றும் போட்டுவிட்டுப் போகிறார். மாடு இரண்டு நாள் தேறினாற்போல் இருந்து மறுபடி நொண்டுகிறது. குளம்பை யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. கறவை மாட்டின் நொண்டலில் பத்தில் ஒன்பது குளம்பிலும் அதைச் சுற்றியும்தான் தொடங்குகிறது. அதிலும் பெரும்பங்கு பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில். தோள்பட்டையும் தொடையும் அபூர்வம். இதைத் தெரிந்துகொண்டாலே பாதி வைத்தியம் முடிந்தது.

குளம்பைப் பார்ப்பது எப்படியென்று ஒரு முறை அருகில் நின்று கவனித்தவர் மறக்கமாட்டார். டிரெவிஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இரும்புச் சட்டத்துக்குள் மாட்டை நிறுத்தி, பின்னங்காலைக் கணுவுக்கு மேல் கயிற்றால் கட்டித் தூக்குகிறார்கள். சாணமும் மண்ணும் போகக் கழுவுகிறார்கள். அதுவரை அது வெறும் அழுக்குக் குளம்பு. வளைந்த நுனி கொண்ட குளம்புக் கத்தியால் அடிப்பகுதியை மெல்லிய சீவல்களாக எடுக்க எடுக்க உள்ளே மெழுகு நிறம் தெளிகிறது. பக்கச் சுவரும் அடிப்பகுதியும் சேரும் வெள்ளைக் கோட்டில் மிளகளவு ஒரு கரும்புள்ளி தெரிகிறது. கத்தி அதன் பின்னாலேயே போகிறது. அழுத்தினால் மாடு காலை இழுக்கிறது. இன்னும் ஒரு சீவல்; அழுகல் நாற்றத்தோடு சாம்பலும் கருப்புமாகச் சீழ் பீறிட்டு வெளியே வருகிறது. அடியில் பிரிந்து நிற்கும் கொம்புப் பொருளை வெட்டி நீக்கிக் காற்றோட்டம் கொடுத்து, காலைக் கீழே விட்டதும் அதுவரை நுனியை மட்டும் தரையில் தொட்டுக்கொண்டிருந்த மாடு பாதத்தை ஊன்றப் பார்க்கிறது. அந்தச் சீழ் அடைபட்டுக் கிடக்கும்வரை எந்த ஊசி போட்டும் பயனில்லை.

அதே குளம்பின் அடியில் நடுப்பகுதியை ஒட்டி ரத்தம் கட்டி, தோல் பிதுங்கிய புண் இருந்தால் அது வேறு கதை. அதற்கு நோயுற்ற பக்கத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டும். புண்ணைச் சுற்றியுள்ள கொம்புப் பகுதியை மெலிதாக்கி, பக்கத்திலுள்ள நல்ல குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டிவிடுவார்கள். மாடு கட்டையின் மேல் நிற்கும், புண்பட்ட குளம்பு தரை தொடாமல் ஆறும். வாரக்கணக்கில் ஆகும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், குளம்பைச் சீவி, கட்டை ஒட்டி, மூன்று நாள் வலி மருந்தும் கொடுத்த மாடுகளே அதிகம் குணமாயின. இந்த இரண்டு கோளாறுகளுக்கும் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவையில்லை. போட்டால் மருந்துக் காசும், பால் ஊற்றக்கூடாத நாட்களின் காசும்தான் வீண்.

ஆன்டிபயாடிக் உடனே வேண்டிய நோயும் உண்டு. குளம்பு அழுகல் அதில் முதன்மையானது. மழைக்காலத்தில் சேறும் மூத்திரமும் கலந்த தரையில் நின்று நின்று குளம்பு இடுக்குத் தோல் ஊறி மெலிகிறது. ஒரு கல்லோ காய்ந்த தாளின் கூரோ கீறினால் போதும். சாணத்தில் எப்போதும் வாழும் ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற கிருமி உள்ளே போய்விடுகிறது. நேற்று நன்றாக நடந்த மாடு இன்று காலை ஊன்ற மறுக்கும். குளம்புக்கு மேலே இரு பக்கமும் ஒரே அளவாக வீங்கும், இரண்டு குளம்பும் விலகி நிற்கும், இடுக்கில் தோல் வெடித்து அழுகல் நாற்றம் அடிக்கும், காய்ச்சல் இருக்கும், பால் சட்டென்று இறங்கும். முதல் நாளே சுத்தம் செய்து, மருத்துவர் சொல்லும் பெனிசிலினோ ஆக்ஸிடெட்ராசைக்ளினோ முழு அளவில் போட்டால் பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். பார்க்கலாம் என்று ஒரு வாரம் விட்டால் கிருமி மூட்டுக்குள் இறங்கும். அப்புறம் ஒரு பக்கக் குளம்பையே வெட்டி எடுக்கவேண்டிய நிலைகூட வரலாம். மருந்து போட்ட மாட்டின் பாலைக் குப்பியில் குறிப்பிட்டுள்ள நாட்கள்வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. இது குழந்தைகள் குடிக்கும் பால் என்பதால் இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

மேலே நின்று பார்த்தால் இவை எல்லாம் ஒன்றுபோல ‘நொண்டல்’தான். ஒன்றுக்குக் கத்தி, ஒன்றுக்குக் கட்டை, ஒன்றுக்கு ஊசி. தூக்கிப் பார்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது.

குளம்பைத் தாண்டிய காரணங்களையும் மறந்துவிடக் கூடாது. இளம் மாடு திடீரென்று நொண்டி, தொடையோ தோளோ வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சத்தம் வந்தால் அது சப்பை நோய். மணிக்கணக்கில் உயிர் போகும், உடனே மருத்துவர் வேண்டும். காய்ச்சலோடு இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று மாறி மாறி நொண்டினால் மூன்று நாள் காய்ச்சலாக இருக்கலாம். வாயில் எச்சில் ஒழுக, நாக்கிலும் குளம்பு இடுக்கிலும் கொப்புளம் வந்தால் கோமாரி.

கோமாரியைப் பற்றி ஒரு பத்தி தனியே சொல்ல வேண்டும். 2013-ல் தென் மாநிலங்களில் அது பரவியபோது தமிழகத்துக் கொட்டகைகள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். காய்ச்சல் தணிந்த பிறகும் குளம்புப் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைத்து, சில மாடுகளுக்குக் குளம்பே கழன்று போனது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதற்கான தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. ‘ஊசி போட்டா பால் குறையும்’ என்று மாட்டை முகாமுக்கு ஓட்டாமல் மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓரிரு நாள் சற்றுக் குறையலாம். கோமாரி வந்து போன மாடு பழைய கறவைக்குத் திரும்புவதே சிரமம். புண்ணுக்கு வீட்டு வைத்தியமும் கைகொடுக்கும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சை மூலிகை மருத்துவ ஆராய்ச்சி மையம் வகுத்த முறையில் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் காய்ச்சி, கழுவிய புண்ணில் தடவுகிறார்கள். தேசியப் பால்வள வாரியமும் இதைப் பரப்பிவருகிறது. மேல்புண்ணுக்கு இது நல்ல துணை. உள்ளே சீழ் அடைந்த குளம்புக்கு எந்த எண்ணெயும் எட்டாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தீவனத்துக்கும் குளம்புக்கும் உள்ள தொடர்பு பலருக்கு நம்பக் கடினமாக இருக்கும். மாட்டுப் பொங்கலன்று அன்பின் மிகுதியால் பானைப் பொங்கலை மாட்டுக்குக் கொட்டுகிறோம். விசேஷ வீட்டு மிச்சச் சோற்றையும் அப்படித்தான். அரிசி மாவுச்சத்து இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. அன்றைக்கே வயிறு உப்பி மாடு சாவதும் உண்டு. ஆண்டுதோறும் தை மாதம் கால்நடை மருத்துவர்கள் எச்சரிப்பது இதற்காகத்தான். தப்பிப் பிழைக்கும் மாட்டிலும் குளம்புக்குள் இருக்கும் மென்தசையின் ரத்த ஓட்டம் கெட்டு, அதன்பின் வளரும் கொம்புப் பொருள் தரம் குறைந்து வளர்கிறது. குளம்பு நம் விரல் நகம்போல மெதுவாக வளர்வது, மாதத்துக்கு அரை சென்டிமீட்டர். தையில் தின்றதன் வலி பங்குனி வாக்கில்தான் காலில் தெரியும். இரண்டையும் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. கன்று ஈன்றவுடன் பால் ஆசையில் அடர்தீவனத்தை ஒரேயடியாக ஏற்றுவதும் இதே வேலையைச் செய்யும்.

தரையும் ஒரு காரணம். மண் தரையில் நடமாடும் மாட்டுக்குக் குளம்பு தானே தேயும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் மாட்டுக்குத் தேய்மானம் இல்லாமல் நுனி நீண்டு, பாரம் குதிகாலுக்குச் சாய்கிறது. பசு ஒரு நாளில் 10 முதல் 12 மணி நேரம் படுக்க விரும்பும். சிமென்ட் தரை வெறுமையாகவும் ஈரமாகவும் இருந்தால் படுக்காமல் நிற்கும். நிற்க நிற்கக் குளம்படி நசுங்கும். ரப்பர் விரிப்பு நல்லதுதான், அதன் அடியில் மூத்திரம் தேங்காமல் வாட்டம் இருந்தால். தினமும் ஒரு மணி நேரமாவது அவிழ்த்துக் காய்ந்த மண்ணில் நடக்கவிடுவது செலவில்லாத வைத்தியம். பத்து மாட்டுக்கு மேல் வைத்திருப்பவர்கள், 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் கரைத்த கால்குளியல் தொட்டியைக் கொட்டகை வாசலில் அமைக்கலாம். மாடு அதைக் குடித்துவிடாமலும், கழிவு நீர் குளத்திலோ வயலிலோ போய்ச் சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலி மருந்திலும் தமிழகத்துக்குத் தனிப்பட்ட அக்கறை இருந்தாக வேண்டும். டைக்ளோஃபெனாக் போட்டு இறந்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்ததால், 2006-ல் அந்த மருந்து கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டது. நாட்டிங்காம் ஆய்வில் பயன்பட்ட கீட்டோபுரோஃபெனும் அதே கெடுதலைச் செய்வது தெரிந்து 2023-ல் இந்தியாவில் தடையானது. முதுமலை, சீகூர், மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகள் தென்னிந்தியாவின் சொத்து. மெலாக்ஸிகாம் பாறுகளுக்கு ஆபத்தில்லாதது. மாட்டின் வலிக்கும் கேட்கும். மனிதருக்கான டைக்ளோஃபெனாக் குப்பியை மாட்டுக்குப் போடுபவரிடம் ‘வேண்டாம், மெலாக்ஸிகாம் போடுங்கள்’ என்று சொல்ல மாடு வளர்ப்பவருக்கு உரிமை உண்டு.

இத்தனையும் தெரிந்த கால்நடை மருத்துவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நாட்டின் பழமையான கல்லூரிகளில் ஒன்று. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி என்று கல்லூரிகள் விரிந்திருக்கின்றன. ஆனால் ஒரு கால்நடை மருந்தகத்தை நம்பியுள்ள ஆயிரக்கணக்கான மாடுகளின் குளம்பை ஆண்டுக்கு இரு முறை சீவ ஒரு மருத்துவரால் முடியாது. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அவசர ஊர்தி, மாடு விழுந்த பிறகுதான் வரும். 2011-ல் தொடங்கிய விலையில்லாக் கறவை மாடு திட்டம் ஆண்டுக்கு 12,000 மாடுகளைப் பெண்களிடம் சேர்த்தது. மாடு கொடுக்கத் தெரிந்த அரசுக்கு அதன் காலைப் பராமரிக்கும் ஏற்பாட்டைச் செய்வது பெரிய காரியமல்ல.

நெதர்லாந்து இதற்குத் தெளிவான வழி காட்டியது. உட்ரெக்ட் கால்நடை மருத்துவர் துசான் ராவன், குளம்பு சீவுவதை ஐந்து படிகளாக வகுத்து, விவசாயிகளும் தொழிலாளர்களும் கற்றுக்கொள்ளும் கைத்தொழிலாக ஆக்கினார். இன்று அங்கே சீவுவது பயிற்சி பெற்ற குளம்புத் தொழிலாளர். நோய் என்று தெரிந்தால் மருத்துவர் வருவார். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். அளவுக்கு மீறிச் சீவினால் அடிப்பகுதி மெலிந்து ரத்தம் கசியும், நல்ல மாடும் நொண்டும். எனவே பயிற்சியில்லாத கையில் கத்தியைக் கொடுக்கக் கூடாது. கல்லூரிகளிலும் மாவட்டங்களிலுள்ள பல்கலைக்கழகப் பயிற்சி மையங்களிலும் சில வாரப் பயிற்சி, ஒரு சான்றிதழ், கத்தி, வெட்டுக் குறடு, கயிறு, ஒட்டுக்கட்டை அடங்கிய ஒரு பெட்டி போதும். மாட்டைத் தினமும் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே என்பதால் பயிற்சியில் அவர்களுக்குப் பாதி இடம் ஒதுக்க வேண்டும். இன்னும் சில ஊர்களில் லாடம் அடித்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கையிலிருக்கும் திறமை அடுத்த தலைமுறைக்குள் அழிந்துவிடும். முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

ஒவ்வொரு பால் சொசைட்டி வாசலிலும் ஒரு டிரெவிஸ், சில சொசைட்டிகளுக்குச் சேர்த்து ஒரு குளம்புத் தொழிலாளர், ஒவ்வொரு மாட்டுக்கும் ஆண்டுக்கு இரு சீவல். ஒன்று பால் வற்றவிடும்போது, இன்னொன்று கன்று ஈன்ற சில மாதங்களில். கூலியில் பாதியை மாவட்டப் பால் ஒன்றியம் ஏற்று, மீதியைப் பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் கொட்டகைகள் சேறாகும், குளம்பு அழுகலும் தொடங்கும். கால்நடைப் பராமரிப்புத் துறையும் ஆவினும் மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியத்திலாவது இந்த ஆண்டு செப்டம்பருக்குள் முதல் குளம்பு முகாமை நடத்த வேண்டும். சொசைட்டி உறுப்பினர்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கேட்டு வாங்க வேண்டும்.